துரையின் தொப்பி

மலேசியாவின் கிள்ளானில் டாக்சி ஓட்டிய காலத்தில், எங்கள் ரப்பர் எஸ்டேட்டை நிர்வகித்த பழைய வெள்ளைக்காரத் துரையை ஒருமுறை ஏற்றினேன். ஓய்வுபெற்று இங்கிலாந்து போனவர், தோட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். சிவந்த கழுத்து, வெள்ளைத் துணித் தொப்பி. அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது.

வழியெல்லாம் தன் கிராமத்தைப் பற்றியே எஸ்டேட் தமிழில் பேசினார். "சின்ன ஊரு, டிரைவர். ஒரு சர்ச், ஒரு ரொட்டிக் கடை. எங்க தாத்தாவுக்குத் தாத்தாவை சர்ச் பக்கத்துலதான் பொதைச்சிருக்கு. ஞாயித்துக்கெழம நான்தான் புல்லு வெட்டுவேன். அந்த எடத்துல ரோடு போட வந்தாங்க. ஊரே சண்டை போட்டுத் தொரத்திட்டோம்."

சீனர் இடுகாட்டைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார். எந்த இடுகாடானாலும் கழற்றுவது அவர் ஊர்ப் பழக்கமாம்.

எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மர வரிசைகள் வந்தன. தொப்பி தலையிலேயே இருந்தது. காரை நிறுத்தினேன். அவர் பக்கம் திரும்பினேன்.

"தொரை, இங்கயும் கழட்டுங்க. எங்கப்பா இங்கதான் கெடக்காரு. ரப்பரை வெட்டிட்டு செம்பனை போட்டப்ப, எங்க இடுகாட்டையும் சேத்து டிராக்டர் விடச் சொன்னது நீங்கதான்."

கழற்றினார். மரங்களைப் பார்த்தபடி கேட்டார்: "எந்த மரம்?"

வருத்தத்தோடுதான் கேட்டார். ஆனாலும் நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லா மரமும் ஒன்றுபோலவே நின்றன. என்னால் கை நீட்டிக் காட்ட முடியவில்லை.