பிரித்தால் தீனி எடுக்காது

என் பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமிக்கு முடியாது என்று சொல்ல வராது. சங்கரன்கோவிலிலிருந்து கொச்சிக்கு வந்த பதினொரு வருடத்தில் மலையாளம் வந்துவிட்டது, மீன்கறிக்குக் குடம்புளி போட வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை. அதனால்தான் காக்கநாட்டு ஐ.டி. தம்பதி தங்கள் முயல்களை அவள் தலையில் கட்ட முடிந்தது.

விபின், ஸ்நேஹா என்ற அந்த இருவரின் பிளாட்டில்தான் அவளுக்கு வீட்டு வேலை. அவர்கள் பிரிந்துபோவதென்று முடிவெடுத்து, டிவி யாருக்கு, சோபா யாருக்கு என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள். முயல்கள் மட்டும் யாருக்கும் வேண்டாம். அதற்காகத் தெருவில் விட முடியுமா, படித்தவர்கள் அல்லவா? ஸ்நேஹா இரண்டு பக்கத்துக்கு விவரம் எழுதிக் கொடுத்தாள். வெயில் ஆகாது, சத்தம் ஆகாது, கீரையைக் கழுவித்தான் தர வேண்டும். கடைசியில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: ‘இது மனம் ஒட்டிப்போன ஜோடி. பிரிக்கவே கூடாது. பிரித்தால் தீனி எடுக்காமல் ஏங்கியே செத்துப்போகும்.’ இதை எழுதியவள் மறுவாரம் தனியாகக் கனடாவுக்குப் போனாள். விபின் தனியாகப் பெங்களூருக்குப் போனான். முயல்கள் விஷயத்தில் இரண்டு பேருக்கும் தங்கமான மனசு.

மோக்கா, லாட்டே என்று பெயர் வேறு. சாயாவைத் தவிர வேறொன்றும் குடிக்காத எங்கள் கொச்சங்காடியில் அதை யார் கூப்பிடுவது? செல்வலட்சுமி பெரியவன், சின்னவள் என்று மாற்றிவிட்டாள். கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி. ஏசியில் வளர்ந்த ஐயாவும் அம்மாவும் அவள் கட்டிலுக்கடியில் குடியேறினார்கள். அங்கிருந்த ஒரே மின்விசிறியும் தரைப்பக்கம் திரும்பிக்கொண்டது. மூன்றாம் நாள் என் அறைக்குள் வந்து சார்ஜர் வயரைக் கடித்துத் துண்டாக்கினார்கள். நான் போட்ட கூச்சல் வீட்டுச் சொந்தக்காரர் நாணுவின் காதுவரை போயிருக்க வேண்டும்.

“செல்வீ, இது லாட்ஜல்ல கேட்டோ. ஞாயறாழ்ச்சைக்குள்ள ரெண்டும் போயிரணும். இல்லெங்கில் நீயும் கூடப் போகலாம்” என்றார்.

அவள் என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க. ரெண்டையும் சேர்த்து எடுக்கிற வீடா இருக்கணும்.”

கூச்சல் போட்ட பாவத்துக்கு மலையாளத்தில் எழுதிக் கொடுத்து, ஏரியா வாட்ஸப் குழுவிலும் போட்டேன். ‘வீட்டில் வளர்த்திய முயல், ரண்டெண்ணம், ஒருமிச்சு கொடுக்கும்’. செல்லமாக வளர்த்தது, இரண்டையும் சேர்த்தே தருவோம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. ஆனால் இந்த ஊரில் ‘வீட்டில் வளர்த்தியது’ என்று கோழிக்கும் வாத்துக்கும் எழுதினால் என்ன அர்த்தம் என்பது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோனது. கால்மணி நேரத்தில் முதல் போன் வந்தது.

“சேச்சி, எத்ர கிலோ காணும்? தோல் உரிச்சுத் தருமோ?”

அன்றைக்குள் ஏழு பேர். ஏழு பேருக்கும் வீட்டில் மசாலா தயாராக இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் செல்வலட்சுமி முயல்களின் காதைப் பொத்தினாள். அவ்வளவு பெரிய காதை எப்படி முழுசாகப் பொத்துவது?

எட்டாவது ஆள் முயல் பண்ணை வைத்திருந்தார். ஜோடி என்றதும் குட்டி எத்தனை போடும் என்று கேட்டார். இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது என்றாள் செல்வலட்சுமி. “பின்னெ எந்தினா ஜோடி?” என்று போனை வைத்துவிட்டார். நல்ல கேள்விதான். பிள்ளை பெறாவிட்டால் சேர்ந்திருந்து என்ன சாதிக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை கும்பளங்கியிலிருந்து ஷீஜா என்பவள் கூப்பிட்டாள். வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். விருந்தாளிக் குழந்தைகள் கொஞ்சுவதற்கு முயல் வேண்டுமாம், வீட்டுக்குள்ளேயே அறை உண்டாம். “பக்ஷே ஒண்ணு மதி” என்றாள். ஒன்று போதுமாம்.

“ஒண்ணுன்னா ஒண்ணுமே இல்ல சேச்சி” என்றாள் செல்வலட்சுமி. முடியாது என்று சொல்லத் தெரியாதவள் சொன்னாள். நான் அடுப்பை விட்டு எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

எதற்கும் கொண்டுவரச் சொன்னாள் ஷீஜா. மறுநாள் காலை இரண்டையும் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். ஷீஜா மறுபடியும் ஒன்றில்தான் நின்றாள். செல்வலட்சுமி வாதாடவில்லை. சின்னவளைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பெரியவன் முன்னால் கழுவிய கீரையை வைத்தாள்.

“இவன் தின்னா ஒண்ண எடுத்துக்கோங்க சேச்சி.”

அவன் கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கதவுப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அரைமணி ஆயிற்று. சாயா வந்தது, குடித்தோம், கீரை வாடியது. நானே எழுந்துபோய்க் கீரையை அவன் மூக்கருகே தள்ளிவைத்தேன். சார்ஜர் வயர் போனது எனக்குத்தான், ஞாபகமிருக்கட்டும். கடைசியில் ஷீஜாவே எழுந்து கதவைத் திறந்தாள். “மதி மதி, ரெண்டும் இவிடெ நிக்கட்டே” என்றாள். சின்னவள் வந்து அவன் மேல் சாய்ந்ததும் வாடின கீரை ஒரு நிமிஷத்தில் காலி.

அன்று சாயங்காலம் செல்வலட்சுமியின் புருஷன் முத்துவேலிடமிருந்து போன் வந்தது. அவன் ஆறு வருடமாகத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். தீபாவளிக்கு வருவான், சித்திரைக்கு வருவான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிய சுவர். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவள் பழக்கம், கேட்பது என் பழக்கம்.

“முயலு போயிருச்சா?”

“ரெண்டும் சேந்தே போயிருச்சு.”

“பிரிச்சா என்ன ஆயிருமாம்?”

“ஒண்ண விட்டு ஒண்ணு தீனி எடுக்காதாம்.”

பிறகு அவன் தினமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டான்.

“நீ சாப்ட்டியா?”

“ம், சாப்ட்டேன்” என்றாள்.

அன்று முழுக்க அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மதியம் என் வீட்டுக் கப்பக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோய் வைத்திருந்தேன், மூடின தட்டு மூடினபடியே அவள் வாசலில் இருந்தது.