தீர்ப்பக்காவும் அடுத்தவர் ஆட்டமும்

எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரே அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் நான். பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுப்பவன். இன்னொன்றில் தீர்ப்பக்கா. பேருந்தில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பத்திரப்படுத்தி, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைப்பது அவள் வேலை. குடை, மூக்குக் கண்ணாடி, பல்செட், ஒற்றைச் செருப்பு என்று அவள் அலமாரி எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும். ஒற்றைச் செருப்போடு இறங்கியவர் அதைக் கவனிக்காமல் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீர்ப்பக்கா என்று பெயர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். கேட்டாலும் தீர்ப்புச் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அதுவும் ஊர் வம்பு, அரசியல் பற்றி எல்லாம் இல்லை. சினிமா, வீடியோ கேம், அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன், புதிதாக வரும் ஃபோன், இவைதான் அவள் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் சம்மதிக்க வேண்டும். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியைத் தூசி தட்டப் போனவள், ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் சமையல் இல்லை. அதற்குப் பிறகும் பல நாள் இல்லை என்று அவள் வீட்டுக்காரரே என்னிடம் வந்து அழுதிருக்கிறார்.

எனக்கு இந்த விளையாட்டுகள் பிடிக்காது. பொம்மையை ஓடவைத்துவிட்டு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம்? ஆனால் ஜன்னல் பக்கத்தில்தானே, காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இந்த அனிமேல பாரு தம்பி, அடிக்கறதுக்கு முன்னாடி அடியோட பேரைச் சொல்லிக் கத்தறான். எதிராளி ஓடிப் போக மாட்டானா? நம்ம டிரைவர் 'பிரேக்'னு கத்திட்டா பிரேக் போடறார்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுல்ல, அதான் சொல்றேன். ஆனா அழுதா மட்டும் அவங்களை மாதிரி யாராலயும் அழ முடியாது. அதுக்காகவே பாக்கலாம்."

படம் என்றால், "ரெண்டாம் பாகம்னு போட்டாலே, முதல் பாகத்தை முடிக்கத் தெரியலன்னு அர்த்தம்." ஃபோன் என்றால், "பின்னாடி அஞ்சு கேமரா. எடுக்கறது சாப்பாட்டுத் தட்டு." கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் வந்திருப்பதாக ஒரு நடத்துனர் சொன்னபோது, "அதுல என்ன அதிசயம்? எங்க வீட்டுக்காரரும்தான் எல்லாத்துக்கும் பதில் சொல்றார். ரெண்டுமே சரியான்னு நாமதான் பாத்துக்கணும்" என்று வழக்கை ஒரே வாய்தாவில் முடித்துவிட்டாள்.

இப்படி இருந்தவளிடம்தான் அந்தக் கருவி வந்து சேர்ந்தது. கையில் பிடித்து விளையாடுகிற, சின்னத் திரை வைத்த விளையாட்டுக் கருவி. கடலோர ஊருக்குப் போகும் பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லி நடத்துனர் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் நிலையத்து விதி இது. மின்கருவி வந்தால், சார்ஜ் போட்டு, திறந்து, சொந்தக்காரர் யாரென்று பார்க்க வேண்டும். மூன்று மாதம் யாரும் வராவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். பார்க்கலாமே தவிர, பயன்படுத்தக் கூடாது. இந்தக் கடைசி வரியில் அக்கா ஏற்கெனவே ஒருமுறை வழுக்கி விழுந்தவள். யாரோ விட்டுப்போன டேப்லெட்டில் அனிமே பார்த்துக்கொண்டிருந்தபோது நிலைய மேலாளர் பின்னால் வந்து நின்றுவிட்டார். "ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்கறேன் சார்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் அவர் நம்பவில்லை. இனி ஒரு சொந்தக்காரர் புகார் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான்.

கருவியைத் திறந்தாள். பெயர் இல்லை, முகவரி இல்லை. ஒரே ஒரு ஆட்டம் இருந்தது. விளக்கை ஏந்திக்கொண்டு இருட்டு மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. அந்தக் கருவியில் மட்டும்தான் அந்த ஆட்டம் ஓடும் என்பதால் அக்கா அதை விளையாடியதே இல்லை. அதனாலென்ன, விளம்பரத்தைப் பார்த்தே அதைப் பற்றித் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது: தண்ணீரைத் தத்ரூபமாகக் காட்டுகிறவர்களுக்குக் கதை எழுத நேரம் இருக்காது.

"தம்பி, இங்க வாயேன்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "இந்த ஆளு கடைசிச் சண்டை வாசல்ல வந்து நிக்கறான். உள்ள ஒரு அடி வச்சா போதும். வைக்கலை."

"அதுக்கு நேரம் கிடைச்சிருக்காது."

"இல்லப்பா. கடைசியாப் பதிவான தேதியைப் பாரு. வருஷக் கணக்கா வாசல்லயே நிக்கறான்."

அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த ஆளை அக்கா ஆராய ஆரம்பித்தாள். ஆட்டத்தில் அந்தப் பெண்ணின் பைக்குள் தொண்ணூறு சொச்சம் மருந்துப் புட்டி இருந்தது. அடிபட்டால் குடித்து உயிர் ஏற்றிக்கொள்ளும் மருந்து. அவர் ஒன்றுகூடக் குடிக்காமல் சேர்த்து வைத்திருந்தார். "கஞ்சன்" என்று தீர்ப்பு வந்தது. சுமை தூக்கும் கழுதைக்கு 'கேப்டன்' என்று பெயர் வைத்திருந்தார். "பட்டாளத்துல இருந்திருப்பான்." மொத்தத்தில் ஒல்லியான, பயந்த, கல்யாணமாகாத, கணக்கு எழுதும் வேலை பார்க்கும் ஒரு பையன் என்று முடிவாயிற்று. பட்டாளமும் பயமும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்டேன். பட்டாளத்திலும் கணக்கு எழுத ஆள் வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள்.

பார்த்ததோடு சரி, கை வைக்கவில்லை. அதற்கு நானே சாட்சி. தினமும் சார்ஜ் போடுவாள், திறப்பாள், அந்த வாசலைப் பார்ப்பாள், பெருமூச்சு விட்டு மூடுவாள். பசித்தவள் ஓட்டல் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

மூன்று மாதம் முடிகிற நாளில், மதியச் சாப்பாட்டு வேளையில் அக்கா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். "நாளைக்கு ஏலம். எவனோ வாங்கி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிப்பான். அந்தப் பொண்ணு அவ்வளவு தூரம் ஏறி வந்தது வீணாப் போகலாமா?" என்றாள். எந்தப் பெண் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

"அக்கா, வேலை போயிடும்."

"இனிமே யாரு வரப்போறாங்க?"

உள்ளே போனாள். இருட்டு ராஜா என்று ஒரு ராட்சசன், எங்கள் பேருந்து நிலையம் அகலத்துக்கு. முதல் புட்டியைத் திறந்தபோது, "மன்னிச்சுக்கோ தம்பி" என்று முகம் தெரியாத அந்த ஆளிடம் சொன்னாள். பத்தாவது புட்டிக்கு மேல் மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் திறந்தபடியே இருந்தேன். சும்மா எட்டித்தான் பார்த்தேன். "இடது பக்கம் வருது, இடது பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நான் என்று பிறகுதான் தெரிந்தது.

ராஜா விழுந்தான். திரையில் அந்தப் பெண் மலை உச்சியில் நின்றாள். கீழே இரண்டே வரிகள் வந்தன. விளக்கை இங்கே வைத்துவிடுவதா? வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதா?

அக்கா விரலைக் கொண்டுபோனாள், எடுத்துக்கொண்டாள். மறுபடியும் கொண்டுபோனாள்.

"அழுத்துங்கக்கா" என்றேன்.

"எப்படிப்பா அழுத்தறது? இது என்னைக் கேக்கலையே. அவனைல்ல கேக்குது."

இதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. முடிவைப் பார்த்தால்தான் ஆட்டம் பதிவாகுமாம். இப்படியே கருவியை அணைத்துவிட்டால், நடந்த சண்டை நடக்காததாகிவிடும். புட்டிகள் பைக்குத் திரும்பும், அந்தப் பெண் வாசலுக்குத் திரும்புவாள். "அணைச்சிடுங்கக்கா. ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றேன்.

"ஜெயிச்சதை அணைக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தாள். அழுத்தவும் மனசில்லை, அணைக்கவும் மனசில்லை. கருவியை சார்ஜில் போட்டு, அந்தக் கேள்வியோடு அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

திறந்த ஜன்னலில் வெளிச்சமே வரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் ஒருவர் அதை அடைத்துக்கொண்டு நின்றார். நரைத்த மீசை. இரண்டு பேருக்குப் போதுமான வயிறு. தோளில் கான்வாஸ் பை.

"மூணு மாசம் முன்னாடி கடலோர பஸ்ல ஒரு கேம் மெஷின் விட்டுட்டேன். கப்பல்ல சமையல்காரன் மேடம் நான். இப்பதான் கரைக்கு வந்தேன். சாயங்காலம் திரும்ப ஏறணும். இருக்கா?"

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் மனசுக்குள் கட்டிவைத்திருந்த ஒல்லிப் பையன் அந்த நிமிடமே செத்தான்.

"உங்க கழுதை பேரு என்ன?" என்று கேட்டாள். அடையாளம் சரிபார்க்கிறாளாம்.

அவர் சிரித்துவிட்டார். "கேப்டன். எங்க கேப்டன் காதுல விழுந்துடப் போவுது."

"மருந்து ஏன் குடிக்கவே இல்ல?"

"நடுக்கடல்ல சாமான் தீந்துட்டா கடைக்கா போக முடியும்? இருக்கறதைத் தொட எனக்குக் கை வராது மேடம்." சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். கருவியை அணைக்கும் பொத்தான் அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. லேசாக ஒரு அழுத்து, வேலையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். அக்கா கருவியை எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"நான் ஜெயிச்சுட்டேன் சார். உங்க மருந்தையெல்லாம் குடிச்சு ஜெயிச்சேன். தப்புதான். ஆனா இதுக்குப் பதில் சொல்லலை. அணைச்சீங்கன்னா பழையபடி வாசல்ல இருப்பீங்க. புகார் எழுதணும்னா மேலாளர் ரூம் எதிர்லயே இருக்கு."

அவர் முகம் சிவந்தது. நான் அப்படியொரு கோபத்தை அருகில் பார்த்ததில்லை. "ரெண்டு வருஷம் மேடம்" என்றார். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் எடுத்துப் பாப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னு மூடி வைப்பேன். நீங்க யாரு அதை முடிக்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அழுத்துவீங்களா, அணைப்பீங்களா?"

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்தவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஆமா என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அவர் அணைத்தார். மறுபடி திறந்தார். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. திரையில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்.

போன வேகத்தில் செத்தார். மறுபடி போனார், மறுபடி செத்தார். புட்டியைத் தொடவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா புழுவாய்த் துடித்தாள். அந்த ராஜாவின் பலவீனம் எது, எப்போது குனிய வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க" என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பயணிகள் பெட்டி கேட்டு வந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். பெஞ்சில் இருந்தவரிடம் குனிந்து, "பொருள் எல்லாம் சரியா இருக்கா சார்? புகார் ஏதாவது?" என்று கேட்டார்.

"பேசாதீங்க சார், சண்டை நடக்குது" என்றார் சமையல்காரர், தலையைத் தூக்காமல்.

மேலாளர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். அப்போதுதான் சமையல்காரரின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து முதல் புட்டியைத் திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கணக்கில்லாமல். கடலோரப் பேருந்தின் ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, அவரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சமையல்காரர் ஒரு சத்தம் போட்டார். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். ராஜா விழுந்துவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா முழங்காலை மறந்து நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

அவர் திரையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். எதையோ அழுத்தினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு ஒருமுறை குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். "உங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான்" என்றார். "ஆனா அதை ஜெயிக்க முடியும்னே நான் நம்பலை மேடம். தோத்துட்டா என்ன பண்றதுன்னுதான் ரெண்டு வருஷமா வெளியவே நின்னேன். நீங்க ஜெயிச்சுட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அப்புறம்தான் உள்ள போகக் கால் வந்துது."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பதிலுக்கு ஏதோ நல்ல வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எதை அழுத்தினீங்க?"

அவர் பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடலோரப் பேருந்தை நோக்கி நடந்தார். ஓட்டுநர் ஓடிப் போய் ஏறிக்கொண்டார். பேருந்து கிளம்பியது. தீர்ப்பக்கா கதவைத் திறந்துகொண்டு, அந்த முழங்காலோடு, வாசல்வரை அதன் பின்னாலேயே ஓடினாள்.

"சார்! வச்சீங்களா, எடுத்துட்டுப் போனீங்களா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்!"