யன்னலை மறைத்த சாமிகள்

கனகேஸ்வரி அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. இத்தாலியின் பலெர்மோவில் அவ வேலை செய்யும் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் விடிந்ததும் முதல் வேலை, அறை அறையாகப் போய் யன்னல்களைத் திறந்துவிடுவது. மற்றவர்களுக்குக் காற்றுத் திறந்துவிட்டே அவவின் இளமை போய்விட்டது.

தொண்ணூற்றாறில், அவவும் புருசனும் கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு நிலக்கீழ் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். ஈரத்தையும் இருட்டையும் அவ பொறுத்துக்கொண்டது மேற்குச் சுவரில் இருந்த கம்பி யன்னலுக்காக மட்டும்தான். தெருவில் நடப்பவர்களின் கால்கள்தான் அதில் தெரியும். ஆனால் காற்று வரும். இது ஒன்று போதும் என்று அவ சொன்னபோது புருசன் கோபாலசிங்கமும் தலையாட்டினார்.

ஓகஸ்டில் சிஞ்ஞோரா குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் போக, அக்காவும் கூடப் போகவேண்டி வந்தது. அந்த மாதம் முழுக்கக் கோபாலசிங்கம் அறையை அலங்கரித்தார். ஊறிய சுவர்களுக்குப் பலகை அடித்தார். கிழக்குச் சுவரில் அருவிப் படம் போட்ட சுவர்த்தாள், கூரைக் குழாய்களில் பிளாஸ்ரிக் திராட்சைக் கொடி, தரையில் பச்சைக் கம்பளம். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சிதான் அவரைக் கெடுத்தது.

கடைசியாகச் சாமிப்படங்கள். அவை கிழக்குப் பார்க்கவேண்டும், ஆகவே மேற்குச் சுவரில்தான் மாட்டவேண்டும். அந்தச் சுவரில் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கக்கூஸ் கதவு, நடுவில் யன்னல். அவர் யோசிக்கவே இல்லை. யன்னலைப் பலகையால் இறுக அடைத்து, சிவப்பு வெல்வெற் போர்த்தி, பிள்ளையாரையும் முருகனையும் இலட்சுமியையும் ஏற்றி, சுற்றிவர மின்னும் பல்புகள் போட்டார்.

அக்கா திரும்பி வந்த ஞாயிறே பால் காய்ச்சினார்கள். அறை நிறையச் சனம், சாம்பிராணி, கற்பூரம். யன்னல் எங்கே என்று அவ மெல்லத்தான் கேட்டா. அவர் சிரித்தார்.

“அதாலை மீன் நாத்தம்தானே வந்தது. இப்ப பார், கோயில் மாதிரி.”

அவவுக்கு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ரதி தட்டத்தால் விசிறினா. அக்கா அதைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் முருகனைக் கழற்றி, முன்னால் நின்ற விருந்தாளி ஒருவரிடம் நீட்டினா. சாமியை வேண்டாம் என்று யார் சொல்வது? அவர் இரண்டு கையாலும் வாங்கினார். இலட்சுமி ரதியிடம் போனா. தடுக்க ஓடிவந்த புருசனின் கையில் பிள்ளையார்.

“சாமியிலை கை வைக்கிறாய், கனகு. நல்லதுக்கில்லை.”

“நான் செத்தால் உங்கடை சாமிக்கு ஆர் விளக்கு வைப்பினம்? ஊருக்கெல்லாம் யன்னல் திறக்கிறன். எனக்கு ஒண்டு இல்லையோ?”

அவ அடுப்படியில் கிடந்த தேங்காய்த் திருவலையின் இரும்பு நாக்கைப் பலகைக்குள் செருகி நெம்பினா. வெல்வெற் கிழிந்தது. பலகை அடுப்புப் பக்கம் சரிந்து பால்பானையைக் கவிழ்த்தது. கம்பிக்குள்ளால் மீன் நாற்றமும் சந்தை இரைச்சலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. கம்பியில் முகத்தை வைத்து அவ மூச்சு வாங்கினா. மற்றவர்கள் சாமிகளைச் சுமந்தபடி அசையாமல் நின்றார்கள்.

இதை எங்கே வைப்பது என்று ரதிதான் கேட்டா.

“எதிர்ச் சுவரிலை. அவையும் கொஞ்சம் வெளியாலை பாக்கட்டும்.”

ஆணிகளை அக்காவே அடித்தா, அருவியின் நட்டநடுவில். முருகனும் இலட்சுமியும் ஏறினார்கள். கோபாலசிங்கம் மட்டும் பிள்ளையாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். ஒரு கையில் சுத்தியலோடு அவ மற்றக் கையை நீட்டினா. நீட்டிய கையை மடக்கவே இல்லை.

அவர் கொடுத்தார்.