குணமக்காவின் பாட்டும் சுவரிலிருந்து கதைக்கும் மகனும்

எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிந்துவிடுவேன். அதனால் இதை எழுதி முடிக்கும்வரை தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் கொண்டுவர வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

குணமக்கா அச்சுவேலியில் எனக்கு அடுத்த வீடு. முழுப்பெயர் குணலட்சுமி. கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிவிட்டது. கணவர் இராசநாயகம் அண்ணை போன தை மாதம் காலமானார். ஒரே மகன் பிரவீணன் ரொறொன்ரோவில் இருக்கிறான். ஊரில் கேட்டால் குணமக்காவைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்கள். ஊருக்கு எதுதான் தெரியும்!

குணமக்காவுக்குப் புதுப்பாட்டுப் பைத்தியம். பழைய பாட்டு என்றால் கொட்டாவி விடுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, தானே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். போனிலிருந்து பாட்டு அதற்குள் எப்படிப் போகிறது என்பதைக் கடையில் நின்ற பெட்டைப்பிள்ளையிடம் கேட்டுப் படித்தும் வந்தார். அன்றிலிருந்து அவருடைய சமையலுக்கு ஒரு சட்டம் உண்டு. கீரை ஆய்வதற்கு மெதுவான பாட்டு. தேங்காய் திருவக் குத்துப்பாட்டு. புதுப்பாட்டில் பாதிச் சொல் விளங்காது, அந்த இடத்தில் சொந்தச் சொல் போட்டுப் பாடுவார். ஒரு காதல் பாட்டில் முருங்கைக்காயும் கருவாடும் வந்து போவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது நாவல். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் பழைய புத்தகக் கடைக்குப் போய், வாசித்ததைக் கொடுத்து வாசிக்காததை எடுத்து வருவோம். எல்லாம் குடும்பக் காதல் நாவல்கள். கதாநாயகன் ஆறடி உயரம், பெரும் பணக்காரன், மூக்கு நுனியில் கோபம். முதல் பாதி முழுவதும் கதாநாயகியை உறுக்குவான், இரண்டாம் பாதியில் அழுவான். குணமக்கா பால்மாத் தகரப்பேணியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்தபடி வாசிப்பார். வாசித்தபடியே அவனைத் திட்டுவார்.

"உவனுக்கு ஒருநாள் விடிய எழும்பிப் புட்டுக்கு மாக் குழைக்கக் குடுத்திருக்க வேணும், மலர். உந்தக் கோவமெல்லாம் ரெண்டாம் பக்கத்திலையே அடங்கியிருக்கும்" என்பார்.

"பிறகு கதைக்கு என்னக்கா செய்யிறது?"

"பிறகுதான் கதையே தொடங்கும்."

இப்படி ஒரு மனுசி பக்கத்து வீட்டில் இருப்பது பெரிய கொடுப்பினை. நான் கோபக்காரி, அவர் சிரிப்புக்காரி. ஆனால் அந்தச் சிரிப்பையும் பிடுங்குவதற்கென்று ஒன்று அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. கண்டறியாத கமரா.

தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்த பிரவீணன் திரும்பிப் போகுமுன் மூன்று கமரா பொருத்திவிட்டுப் போனான். வாசலில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, குசினியில் ஒன்று. கள்ளர் பயமாம். குசினியில் கள்ளன் வந்து என்னத்தைத் தூக்குவான், அகப்பையையா? அந்தக் கமரா பார்ப்பதோடு நிற்காது, கதைக்கவும் செய்யும். எங்களுக்குக் காலை விடிந்து அடுப்பு மூட்டும் நேரம், அவனுக்கு அங்கே படுக்கப் போகும் நேரம். கட்டிலில் கிடந்தபடி போனைத் திறந்து பார்ப்பான். திடீரென்று சுவரிலிருந்து குரல் வரும்.

"அம்மா, பாட்டைக் குறையுங்கோ."

முதல் தடவை நான் அங்கே இருந்தேன். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டேன்.

"அப்பா மோசம் போய் இன்னும் வருஷம் திரும்பேல்லை. றோட்டாலை போற சனம் என்ன நினைக்கும்?"

குணமக்கா குறைத்தார். அவன் நித்திரையாகியிருப்பான் என்று கணக்குப் பார்த்து மறுபடி கூட்டினார். பல மாதங்களாக இதுதான் நடந்தது. ஒருநாள் எனக்கு ஆத்திரம் தாங்காமல் குசினிக் கமராவுக்கு மேல் ஒரு துவாயைத் தூக்கிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. "அன்ரி, அம்மாவுக்கு என்ன? ஒண்டும் தெரியேல்லை, அம்மாவுக்கு என்ன?" என்று அவன் குழறினான். குணமக்கா துவாயை எடுத்துவிட்டார்.

"விடு மலர். அவன் பாக்கட்டும். தாயைப் பாக்க அவனுக்கு உந்தக் கமராவை விட்டால் வேறை என்ன கிடக்கு?"

அவர் சொன்னது நியாயம். அதுவும் எனக்குக் கோபம்தான்.

போன மாதம் நடந்தது இதுதான். குணமக்கா காலையில் வீட்டில் போடும் சோட்டியோடு, அகப்பையை ஒலிவாங்கியாகப் பிடித்து, கண்ணை மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பும் கொஞ்சம் ஆடியிருக்கிறது. மகன் அதைக் கமராவிலிருந்து எடுத்து, "அம்மாவின்ரை நிலையைப் பாருங்கோ. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்று எழுதி, தாய்மாமன் கதிரவேலுவுக்கு அனுப்பினான். அனுப்பினதாக நினைத்தான். அது போய் விழுந்தது எங்கள் ஊர் ஒன்றியத்தின் வட்சப் குழுவில்.

லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ என்று சிதறிப்போன எங்கள் ஊர்ச்சனம் முழுவதும் அந்தக் குழுவில் இருக்கிறது. அதில் வருவது இரண்டே இரண்டு. ஒன்று கோயில் திருவிழாப் படம். மற்றது செத்தவீட்டு அறிவித்தல். வீடியோவைத் திறக்காமல் பார்த்தால், கண்ணை மூடி முகத்தை அண்ணாந்து வைத்திருக்கும் குணமக்காவின் படம்தான் தெரியும். பக்கத்தில் மகனின் பெயர், கீழே "அம்மாவின்ரை நிலை". பிறகு கேட்க வேண்டுமா!

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று ஒருவர் தொடங்கினார். "ஓம் சாந்தி" என்றார் அடுத்தவர். அதன் பின்னால் மளமளவென்று கைகூப்பும் படங்களும் எரியும் விளக்குகளும் வந்து குவிந்தன. ஒருவராவது திறந்து பார்க்கவில்லை. ஒன்றியத்தின் செயலாளர் சீவரத்தினம் லண்டனிலிருந்து ஒரு நீண்ட அஞ்சலியே போட்டார். திருமதி குணலட்சுமி அடக்கமே உருவானவராம். அதிர்ந்து பேசாதவராம். தேவாரம் பாடாமல் ஒரு பொழுதும் தண்ணீர் அருந்தாதவராம். போட்டுவிட்டு எனக்கும் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கிரியை எப்ப? மகன் வாறானாமோ?"

நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"ஆள் இப்ப கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டு நிக்கிறா. முடிஞ்சாப்பிறகு கேட்டுச் சொல்லுறன்" என்று போனை வைத்தேன்.

குணமக்காவிடம் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அஞ்சலியை நாவல் வாசிப்பதுபோல ஏற்றி இறக்கி வாசித்தார்.

"அடக்கமே உருவானவவாம், மலர்! ஆரடி அது? எனக்கும் ஒருக்கால் காட்டு."

அதற்குள் யாரோ ஒருவர் வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டார். அனுதாபம் நின்றது, ஆராய்ச்சி தொடங்கியது. "மனுசன் போய் வருஷமாகேல்லை, ஆட்டம் கேக்குதோ?" என்று ஒருவர். "வெக்கக்கேடு" என்று இன்னொருவர். பாரிஸிலிருந்து ஒரு பெண், தாலி அறுத்தவள் எப்படி இருக்க வேண்டுமென்று விளக்கமே எழுதியிருந்தாள். விளக்குப் படங்களை ஒவ்வொருவராக அழித்துக்கொண்டார்கள். செத்துவிட்டார் என்று நினைத்தபோது தெய்வம் ஆக்கியவர்கள், உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் காறித் துப்பினார்கள். இந்தச் சனத்துக்குப் பிடித்தமாதிரி வாழ்வதென்றால் பாடையில் படுத்தபடிதான் வாழ வேண்டும். நான் அதை அப்படியே குழுவில் எழுதினேன். சீவரத்தினம் என்னை வெளியே போட்டுவிட்டார்.

அதையெல்லாம் வாசித்த குணமக்கா பிறகு சிரிக்கவில்லை. பாட்டுப் பெட்டியை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. நாவலும் பாதியில் கிடந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டால் "ஓம்" என்பார், சட்டி காய்ந்து கிடக்கும். முற்றத்தைக் கூட்டுவார், இருப்பார், மறுபடி அதே முற்றத்தைக் கூட்டுவார். ஒரு மனுசியைக் கண் முன்னால் விளக்கு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் மதிலுக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்தேன்.

ஒரு ஞாயிறு காலை அவருக்குத் தோசை கொண்டுபோனேன். குசினி வாங்குப்பலகையில் சும்மா இருந்தார். அப்போது சுவரிலிருந்து பிரவீணனின் குரல் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறானாக்கும் என்று நினைத்தேன்.

"இப்பதான், அம்மா, வீடு வீடு மாதிரி இருக்கு" என்றான். "இப்பிடி அமைதியா இருந்தியளெண்டால் ஒருத்தரும் ஒண்டும் கதைக்க மாட்டினம்."

நான் வாயைத் திறந்தேன். குணமக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பிறகு கமராவுக்கு நேரே போய் நின்றார். கத்தவில்லை. ஆனால் அவரிடம் அப்படி ஒரு கோபத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"தம்பி, கேள். கலியாணம் கட்டி வந்த புதுசிலை மாமி வருத்தம் வந்து படுக்கையிலை கிடந்தா, றேடியோவைக் குறைச்சன். உன்ரை கொப்பருக்குச் செய்தி கேக்க வேணும், பாட்டுப் பாதியிலை நிக்கக் குறைச்சன். நீ சோதினைக்குப் படிச்சாய், குறைச்சன். கடைசியிலை கொப்பர் பாயோடை கிடக்கேக்கை, அவற்றை மூச்சுச் சத்தம் எனக்குக் கேக்க வேணுமெண்டு ஒண்டுமே போடாமல் பக்கத்திலை இருந்தன். அதுக்கு நான் ஒருநாளும் மனவருத்தப்படேல்லை. அந்த மூச்சும் நிண்டுபோச்சுது. இப்ப இந்த வீட்டிலை செய்தி கேக்கவும் ஆளில்லை, படிக்கவும் ஆளில்லை, வருத்தமெண்டு கிடக்கவும் ஆளில்லை. இனி நான் ஆருக்காகத் தம்பி குறைக்கிறது?"

கமராவில் ஒரு சின்ன விளக்கு உண்டு, அவன் பார்க்கும்போது மட்டும் எரியும். அது எரிந்தபடியே இருந்தது, அவன் போகவில்லை. குணமக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார். பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே, இன்னும் கொஞ்சம் கூட்டினார்.