வரிசையின் கடைசி ஆள்

எனக்குப் பேய், ஆவி, அருள்வாக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு, பேயை நானே செய்து விற்றவள். சென்னையில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்ப் பழைய கட்டடங்களைக் காட்டும் வழிகாட்டி வேலை எனக்கு. வெறும் தூணையும் வளைவையும் காட்டினால் கூட்டம் கொட்டாவி விடுகிறது என்று கம்பெனியில் குறை சொன்னார்கள். அதனால் மண்ணடியில் பூட்டிக் கிடக்கிற ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளைக்காரத் துரையம்மா ஆவி ஒன்றை இட்டுக்கட்டினேன். கொலுசுச் சத்தம் பழசாகிவிட்டது என்று அவளுக்கு ஒரு பியானோவும் கொடுத்தேன். இப்போது அந்தத் தெருக்காரர்களே அந்தப் பியானோவைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

சொந்த ஊர் மரக்காணம். அப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடை சுமக்கப் போவேன். அந்த வேலையில் ஒரு முறை உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பின் மேல் வரிசையாக நடக்க வேண்டும். வரப்பு ஓர் ஆள் அகலம்தான், இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். தலையில் பாரம் இருக்கும்போது குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. அதனால் முன்னால் போகிறவர் வழியில் பள்ளமோ வழுக்கலோ இருந்தால் “பள்ளம்” என்பார். அவருக்குப் பின்னால் வருகிறவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வார். இப்படியே வால் வரைக்கும் போகும். கடைசி ஆள் அந்த இடத்தைத் தாண்டியதும் “ஆங், போ” என்று குரல் கொடுப்பார். அது காதில் விழுந்தால்தான் முன்னால் இருப்பவர் நடையை எட்டிப் போடுவார்.

உப்பைக் கொட்டுகிற மேட்டுக்கு வந்ததும் முன்னவர் “மேடு” என்பார். ஆனால் உடனே யாரும் கூடையை இறக்கக் கூடாது. முன்னால் வந்தவர்கள் நின்று கொட்ட ஆரம்பித்தால் பின்னால் இருப்பவர்கள் பாரத்தோடு வரப்பில் மாட்டிக்கொள்வார்கள். கடைசி ஆளும் மேட்டில் ஏறி “ஆங், போடு” என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் எல்லோரும் கொட்டுவார்கள். அதுவரை கழுத்து ஒடிந்தாலும் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் வரிசையில் கடைசி ஆள் எப்போதும் அப்பாதான். தொண்டையை ஒரு தடவை செருமிவிட்டுத்தான் அந்த “ஆங்” வரும்.

அந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மரக்காணத்தில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் போடுவது, துடைத்து விடுவது எல்லாம் அண்ணி தலையில். மாமனாருக்காகப் பெருமுக்கல் மலைக் கோயிலுக்குக் கூட வேண்டிக்கொண்டு ஏறிவிட்டு வந்தார், பாவம். டாக்டர் கையை விரித்துவிட்டார். காது கேட்கலாம், ஆனால் எதுவும் புரிகிறதா என்று சொல்ல முடியாது என்றார். நாங்களும் மெல்ல மெல்ல அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசப் பழகிவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

“வசந்தி, உங்க அண்ணிக்கு முதுகு போயிடுச்சும்மா. இனிமே அவளால தூக்க முடியாது. திண்டிவனம் பக்கத்துல ஒரு ஹோம் இருக்குது, கேட்டுட்டு வந்துட்டேன். அப்பாவுக்கு எங்க இருக்கோம்னே தெரியல, இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன? நாளைக்கு அவங்களுக்கு பதில் சொல்லணும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“காலையில டூர் இருக்குதுண்ணா. முடிச்சிட்டு சொல்றேன்.”

முடித்துவிட்டு சரி என்று சொல்லத்தான் இருந்தேன். அண்ணியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் ஓய்ந்துபோயிருந்தேன். வாரம் பூராவும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, முட்டி வலித்தது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது யாரையும் எங்கேயும் கூட்டிப்போகாமல் கிடந்தால் போதும் என்றிருந்தது.

ஞாயிறு காலை பாரிமுனைப் பக்கம் டூர். வழக்கமாக வரிசையின் கடைசியில் எங்கள் ஆள் ஒருவர் வருவார், அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். கூட்டத்தில் ரிட்டயர்டு டீச்சர் அம்மா ஒருவர் குடையோடு வந்திருந்தார். அவரைக் கெஞ்சி வாலில் நிற்க வைத்தேன். அந்தத் தெருக்களின் நடைபாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், உடைந்த கல், திறந்த சாக்கடை, கேபிள் சுருள். எல்லோரும் அண்ணாந்து பால்கனியைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள், காலடியை யார் பார்க்கிறார்கள்? அதனால் எங்கள் உப்பளத்து முறையை நான் டூரில் வைத்திருக்கிறேன். நான் “பள்ளம்” என்றால் வரிசையாகப் பின்னால் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் இருப்பவர் “போலாம்” என்று சொல்ல வேண்டும். ஜனங்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி, கட்டடத்தை மறந்தாலும் அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. வளைவைப் பாருங்கள், அந்தச் சிவப்புக் கல் கோபுரத்தைப் பாருங்கள், சுண்ணாம்புப் பூச்சு எப்படிப் பளபளக்கிறது பாருங்கள் என்று வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மனசு அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையிலேயே இருந்தது. நான் பள்ளம் என்றால் டீச்சரம்மா மெல்லிய குரலில் போலாம் என்றார். பிறகு இரும்புக் கடைகள் இருக்கிற ஒரு சந்துக்குள் திரும்பினோம். ஞாயிறு ஆனதால் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு மூடி உடைந்த சாக்கடை வந்தது. “பள்ளம்” என்றேன். அது வாய்க்கு வாய் மாறிப் பின்னால் போனது.

தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம், “ஆங், போ.”

சிரிக்காதீர்கள், எனக்கு அது உடனே உறைக்கவே இல்லை. என் கால் பாட்டுக்கு வேகமெடுத்து நாலு எட்டு போய்விட்டது. சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பழகிய கால் இல்லையா? அதற்கப்புறம்தான் அது அப்பாவின் குரல் மாதிரி இருந்தது என்று புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். டீச்சரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வெறும் சந்து, அதில் ஒரு பூனை.

கூட்டத்தில் யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் காசு கொடுத்து வந்தவர்கள் யாரும் என்னைப் போ என்று ஒருமையில் சொல்ல மாட்டார்கள். “ஆங், போ” என்ற சொல்லை நான் அங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த பள்ளத்திலும் அதே செருமல், அதே குரல். அதற்கடுத்ததிலும் அப்படியே. எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று என்ன சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

ஒரு இடத்தில் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். சமதளமான சிமெண்டுத் தரை, ஒரு கல் கூட இல்லை. “பள்ளம்” என்றேன். எல்லோரும் சொல்லிச் சொல்லி வார்த்தை வால் வரைக்கும் போனது. பதில் வரவில்லை. அப்பா இப்படித்தான், உப்பளத்தில் யாராவது விளையாட்டுக்குக் கூவினால் வாயைத் திறக்க மாட்டார், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுவார். “இங்க பள்ளமே இல்லையேம்மா” என்று டீச்சரம்மாதான் பின்னாலிருந்து சிரித்தார்.

டூர் முடிகிற இடத்தில் ஒரு பழைய கட்டடத்தின் உயரமான படிக்கட்டு இருக்கிறது. வழக்கமாக அதில் ஏறி நின்று “மேடு” என்பேன், கூட்டம் முழுவதும் “போடு” என்று கத்தும், கைதட்டல், போட்டோ, அவ்வளவுதான். அன்றைக்குப் படியில் ஏறினேன், வாயைத் திறந்தேன், வரவில்லை. அதைச் சொன்னால் அப்பா பதில் சொல்லிவிடுவார் என்று பயம். சொல்லிப் பாரத்தை இறக்கிவிட்டால் என்ன ஆவார் என்று அதைவிடப் பயம். “இன்னிக்கு இவ்ளோதாங்க, எல்லாருக்கும் நன்றி” என்று இறங்கிவிட்டேன்.

டீச்சரம்மா மட்டும் என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீ என்னை கடைசியா நிக்க சொன்ன, சரி. அப்புறம் எனக்குப் பின்னாடி வேற ஒருத்தரை எதுக்கு வெச்ச?”

“யாரையும் வெக்கலைங்களே. பாத்தீங்களா யாரையாவது?”

“பாக்கல. திரும்பினா ஆளக் காணோம். ஆனா நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. மூச்சு வாங்கற சத்தம் நல்லா கேட்டுது. ரொம்ப பாரம் தூக்கிட்டு வர்றவரு மாதிரி.”

அவருக்குப் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. அண்ணி.

“வசந்தி, நீ உடனே பஸ் ஏறி வா. மாமா பேசறாரு.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பஸ் போன நேரம் முழுக்க நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் உப்பளம் வந்தது, வெயிலில் பார்க்க முடியாத அளவுக்கு வெள்ளையாக இருந்தது. தூரத்தில் வரப்பு மேல் கூடைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் அண்ணி அழுது முகம் வீங்கியிருந்தார்.

“கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன் வசந்தி. திடீர்னு தொண்டைய செருமினாரு. ‘ஆங், போ’ன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. இத்தினி நாளா பீ மூத்திரம் அள்ளினவளப் பாத்து ‘போ’ன்றாரேன்னு அழுவாச்சி வந்துடுச்சு. அப்புறம் பாத்தா அவரு என்னையே பாக்கல, நேரா செவுத்த பாத்துட்டு சொல்றாரு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதேதான். நடுவுல ஒருவாட்டி மட்டும் ஒண்ணும் சொல்லாம தலைய இப்படி ஆட்டினாரு, இல்லன்ற மாதிரி.”

எத்தனை தடவை, எந்த நேரம் என்று அண்ணி சொல்ல வந்தார். வேண்டாம் அண்ணி என்று கையமர்த்திவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. டூரில் நடந்ததை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. அண்ணன் வாசலில் நின்றுகொண்டு யாருக்கோ போனில், “இல்லங்க, இப்போதைக்கு வேணாம், அப்பா பேச ஆரம்பிச்சிட்டாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஹோம் பேச்சு அத்தோடு நின்றது. அதற்காக எங்கள் பாடு குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சனி ஞாயிறு இப்போது நான் டூர் எடுப்பதில்லை, பஸ் ஏறி வந்து அண்ணியைப் படுக்கச் சொல்லிவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன். வாரநாளில் கட்டடம், வாரக் கடைசியில் அப்பா, ஓய்வு என்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடம் சொன்னோம், சில நேரம் அப்படி வரும் போகும் என்றார். இருக்கலாம், நானும் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிறிலிருந்து அப்பா கழுத்தைத் தலையணையில் சாய்ப்பதில்லை. தலையணை வைத்தால் நல்ல கையால் தள்ளிவிடுகிறார். உட்காரவைத்தாலும் படுக்கவைத்தாலும் கழுத்து விறைத்து நேராக நிற்கிறது, நெற்றியில் வேர்வை பூக்கிறது, அந்த ஒரு கை அடிக்கடி தலைக்கு மேலே போய் எதையோ பிடித்துக்கொள்கிறது. நரம்பு இழுப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். மேட்டுக்கு வந்து சேர்ந்தும் முன்னால் இருப்பவர் குரல் கொடுக்காததால், கூடையை இறக்காமல் நிற்கிற நிற்பு அது.

போன வாரம் அண்ணி அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டு, “நீ எதனா சொல்லிப் பாரேன் வசந்தி, உன் குரல் கேட்டாத்தான் இந்தக் கழுத்த தளத்துவாருன்னு எனக்குத் தோணுது” என்றார். எதனால் அப்படித் தோன்றியதோ, நான் கேட்கவில்லை. அப்பாவின் காதருகே குனிந்தேன். அவர் கண்ணைத் திருப்பி என் வாயையே பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரே ஒரு சொல்தான்.

“தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டேன்.