அண்ணி தட்டி வைத்த பொய் ரிப்போர்ட்

கறுப்புத் திரையில் வரிசையாக விழுந்த அந்தக் கிறுக்கல் எழுத்துகளை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. ஒரு சொல்லை அனுப்பினால் அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். புரோகிராமில் அந்தப் பகுதியின் வேலை அவ்வளவுதான். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் எழுதியது. அன்றைக்கு அனுப்பிய சொல்லுக்குப் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு வந்தன. அதைக் கண்டுபிடித்தவர் என் அண்ணி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் அண்ணன் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் வைத்திருந்தார். மொத்தம் மூன்றே பேர். அண்ணன் வெளியே போய் வேலை பிடித்து வருவார், நான் புரோகிராம் எழுதுவேன், முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து கணக்கில் பட்டம் வாங்கிய அண்ணி அதைச் சோதித்துப் பார்ப்பார். ஊரிலிருந்த ஒரு லேபுக்கு நாங்கள் செய்து கொடுத்த புரோகிராம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ரகசிய எழுத்தாக மாற்றி, தொலைபேசி வழியாக டாக்டர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும். நடுவில் யார் எடுத்தாலும் படிக்க முடியாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

கோளாறு என்னவென்று ஒரு காலைப்பொழுதில் புரிந்துவிட்டது. "நான் அனுப்பும் சொல்லில் இத்தனை எழுத்து" என்று எதிர்முனை சொல்வதைச் சரிபார்க்காமல் நம்பியிருந்தேன். ஐந்தெழுத்தை அனுப்பிவிட்டு ஐந்நூறு என்று சொன்னால், மிச்சத்தை என் புரோகிராம் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதிலிருந்து அள்ளிக் கொடுத்துவிடும். திருத்துவது நாலு வரி வேலை. எவ்வளவு ஆபத்தானது என்பதுதான் கேள்வி. சாதாரணம் என்றால் அடுத்த மாதம் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். கடுமை என்றால் உடனே நிறுத்திவிட்டு, லேப் டாக்டரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும்.

"குப்பை எழுத்துதானேமா வருது? இதப் போயி எவன் படிக்கப் போறான்?" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். தப்பு என்னுடையது, சின்னதாக இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"பாக்காம எப்படிங்க சொல்றது?" என்றார் அண்ணி.

நோட்டில் கேள்விகளாக எழுதிக்கொண்டார். பாஸ்வேர்டு இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? முடிந்தது. செய்தால் எங்காவது பதிவாகுமா? ஆகவில்லை. வருவது எப்போதும் குப்பைதானா? அதைத் தெரிந்துகொள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில் பொய் ரிப்போர்ட்டுகளைத் தானே தட்டி ஏற்றிவிட்டு, திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தார். முதல் நாள் முழுக்கக் குப்பைதான். சாயங்காலம் அவர் நோட்டில் பென்சிலால் 'நடுத்தரம்' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பயமுறுத்துவதற்காகக் கூட்டிச் சொல்லும் பழக்கம் அண்ணிக்குக் கிடையாது.

மறுநாள் மத்தியானம், "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார். நானும் போய் நின்றேன். குப்பைக்கு நடுவே ஒரு வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. அண்ணியின் முழுப்பெயர், வயது, எங்கள் தெரு. பக்கத்தில், எச்.ஐ.வி. பாசிட்டிவ்.

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"பொய்யிங்க. நான்தான் தட்டி வெச்சேன்" என்று அண்ணி அவர் கையைத் தொட்டார். "பொய்யின்னு தெரியாம பாத்த உங்களுக்கே இன்னாமோ ஆயிடுச்சு இல்ல? லேபுல இருக்கறதெல்லாம் நெஜம்ங்க. அந்த ரிப்போர்ட்டுக்காரங்களும் இந்த ஊருலதான் இருந்தாவணும்."

ரகசிய எழுத்து என்று நான் போட்ட பூட்டில் குறையில்லை. பூட்டுவதற்கு முன்னால் ரிப்போர்ட் கிடக்கும் அறையைத்தான் திறந்து போட்டிருந்தேன். அண்ணி பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பேனாவால் 'மிகக் கடுமை' என்று எழுதினார்.

அப்போதே மூன்று பேரும் லேபுக்குக் கிளம்பினோம். "யாரும் எடுக்கலன்னு மட்டும் சொல்லிடலாமா?" என்று ஆட்டோவில் அண்ணன் மெதுவாகக் கேட்டார். அண்ணி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். லேபில் டாக்டரும் சரியாக அதைத்தான் கேட்டார், யாராவது எடுத்திருக்கிறார்களா என்று.

"தெரியாது டாக்டர். எடுத்திருந்தாலும் தடயம் இருக்காது. எடுக்க முடியும்ன்றது மட்டும் நிச்சயம்" என்றார் அண்ணி.

டாக்டர் எழுந்து போய்த் தொலைபேசி ஒயரைத் தானே பிடுங்கினார். திரும்பி வந்து, "இத எழுதினது யாரு?" என்றார். எனக்குக் காது சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் குரல் கேட்டது.

"நாங்க எழுதினது டாக்டர். சரியா இருக்குதுன்னு பாத்து அனுப்பினது நான்."

அதற்கப்புறம் சில வாரங்கள் ரிப்போர்ட்டுகள் ஒட்டிய உறையில் ஆள் கையில் பஸ்ஸில் போயின. நான் திருத்தியதை டாக்டர் வெளியாள் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் ஒயரை மறுபடி மாட்டவிட்டார். எங்களோடு சேர்வதாக இருந்த இன்னொரு லேப் விலகிவிட்டது. அண்ணனுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அண்ணியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சென்னையில் எனக்கு இதே வேலை. எங்கள் நிறுவனத்தின் புரோகிராம்களில் மற்றவர்கள் கண்டுபிடித்து அனுப்பும் கோளாறுகளின் கடுமையை மதிப்பிட வேண்டும். அதற்கென்று அளவுகோல்களும் புள்ளிகளும் வந்துவிட்டன. ஆனால் மேலிடத்துக் கூட்டங்களில், எவ்வளவு கடுமை என்று நான் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் கேட்டே விடுவார், எழுதியது யார் என்று. மேசையின் கோடியில் ஒரு தலை குனிவது தெரியும்.

"நாங்கள் எழுதியது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன்.