உலக சமாதானத்துக்கு ஒரு நவநாள்

மண்டி போட்டபடியே மனிதர்கள் தூங்குவதை நான் முதன்முதலில் கண்டது வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில்தான். வல்லரசுகள் அணுகுண்டோடு மோதப்போகின்றன என்று ரேடியோ அலறிக்கொண்டிருந்த காலம். உலக சமாதானத்துக்காக ஒன்பது நாள் நவநாள் செபம் வைக்கச் சொல்லி டவுன் சாமியார் ஒரு தாளை அனுப்பியிருந்தார். கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வருவார்கள். சாமியார் வராத நாட்களில் செபம் நடத்தும் உபதேசியார் தாளை வாசிப்பார். "அணு ஆயுத அழிவிலிருந்து" என்ற வரி வருவதற்குள் பாதிப் பேர் கண்ணயர்ந்திருப்பார்கள். தோட்டப் பள்ளி வாத்தியாராயிருந்த நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

மூன்றாம் நாள் காலையில் உபதேசியாரின் மனைவியை மூச்சுத்திணறலோடு லிந்துலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோயாளியைப் பார்க்க மாலையில்தான் விடுவார்கள், செபமும் மாலையில்தான். நவநாளைத் தொடங்கியவரே முடிக்கவேண்டும், ஒரு நாள் விட்டாலும் பலன் போய்விடும் என்பது அவருடைய பிடிவாதம். உலகத்தின் உயிரே தன் தொண்டையில் தொங்குவதாக நினைத்துவிட்டார், பாவம். அந்தத் தாளைத் தடுமாறாமல் வாசிக்க அவரை விட்டால் நான் ஒருவன்தான். கேட்டால் வாசிக்கலாம் என்று இருந்துவிட்டேன். பகலெல்லாம் ஐந்து வகுப்புப் பிள்ளைகளோடு கத்திய அலுப்பு. அலுப்பு என்று சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை, அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆறாம் நாள் அவர் தாளை விரித்ததும் முன்வரிசையில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அய்யா, குண்டு விழுந்தா நாம எல்லாரும் ஒண்ணாத்தான் சாவோம். அங்க அம்மா தனியா கெடக்குறாங்க. நீங்க போங்க."

உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"தாளக் குடுங்க, நான் வாசிக்கிறேன்" என்றேன். மூன்று நாளைக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை. வெட்கமாக இருந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவுக்கு நினைவு இருந்ததாம். "நவநாள் முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டாராம். "முடிஞ்சிருச்சு" என்று இவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் அம்மா போய்விட்டார். மீதி மூன்று நாளும் நான்தான் வாசித்தேன். குண்டு விழவில்லை.

இப்போதும் உலக சமாதானத்துக்காகச் செபிக்கச் சொல்கிறார்கள், செபிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு வல்லரசுகள் ஞாபகம் வருவதில்லை. அந்த நவநாளுக்கு அடுத்த மாதம் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தபோது, மனைவியிடம் சொன்ன அந்த ஒரு பொய்க்காக உபதேசியார் வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் நின்றிருக்கவேண்டியவன் நான். பள்ளிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.